விடியலுக்கு முந்தைய மூன்று மணி நேரம்

என் மகள் போனில் எடுத்து வைத்திருந்த அந்த நாலு நிமிட வீடியோவை முதலில் நான் பார்க்கவே மறுத்துவிட்டேன். தூங்குகிறவளை எதற்கு வீடியோ எடுக்கிறாய் என்று கோபம்தான் வந்தது. "திட்டறதுன்னா அப்புறம் திட்டும்மா, முதல்ல இதப் பாரு" என்று போனை என் கையில் திணித்தாள். இருட்டில் எடுத்தது, முகம் சரியாகத் தெரியவில்லை. குறட்டை ஏறிக்கொண்டே போகிறது, சட்டென்று நிற்கிறது. அமைதியாகத் தூங்குகிறேன் போல என்று நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், நெஞ்சும் வயிறும் அசைகின்றன, ஆனால் ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்குகிறது, மூச்சுச் சத்தமே இல்லை. அவள் மெல்லிய குரலில் எண்ணுவது கேட்கிறது. இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு. முப்பத்து நாலில் தொண்டையில் எதையோ கிழிப்பது மாதிரி ஒரு சத்தம், உடம்பு முழுக்க ஒரு உதறல், தோள் திரும்புகிறது, மறுபடி குறட்டை. நாலு நிமிடத்தில் நாலு தடவை இப்படி. அதில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. காலையில் எழுந்தபோது நன்றாகத் தூங்கியதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நின்று நின்று வரும் இந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்போது எனக்கு வயது 52. ஏழு வருடமாக பிபி. ஒரு மாத்திரையில் ஆரம்பித்து மூன்று மாத்திரை வரை வந்திருந்தது, அதில் ஒன்று சிறுநீர் அதிகம் போக வைக்கிற மாத்திரை. அப்படியும் காலையில் பார்த்தால் 150/95-க்குக் கீழே இறங்காது. எடை 94 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ 37-க்கு மேல். காலையில் தலைவலி, எழுந்த ஒரு மணி நேரத்தில் தானாகப் போய்விடும். ராத்திரி மூன்று தடவை பாத்ரூம். பகல் முழுக்க ஒரு சோர்வு. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் இருந்தது. தலைவலிக்கு டென்ஷன், பாத்ரூமுக்கு மாத்திரை, சோர்வுக்கு மாதவிடாய் நின்றது, பிபிக்கு எடை. எல்லாம் நம்பும்படியான காரணங்கள்தான், அதனால்தான் இத்தனை வருடம் ஓடிவிட்டது.

குறட்டை விடுவேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. ஆண்கள் குறட்டை விட்டால் வீட்டில் பேச்சாக இருக்கும், பெண் குறட்டை விட்டால் அவளுக்கே வெட்கம். என் வீட்டுக்காரருக்குப் பாதி நாள் இரவு ஷிஃப்ட், வீட்டில் இருக்கும் நாளில் அவர் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். ஆக, பக்கத்தில் படுத்துப் பார்க்க ஆளில்லை. மகள் விடுமுறைக்கு வந்து என் அறையில் படுத்ததால் மட்டும்தான் இது வெளியே வந்தது. அதனால் தனியாகத் தூங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: யாரையாவது ஒரு ராத்திரி பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தூங்குங்கள். குறட்டை எவ்வளவு பெரிது என்பதைவிட, நடுவில் சத்தம் அடங்கி மறுபடி திணறலோடு தொடங்குகிறதா என்று கேளுங்கள்.

இதற்கு ஒரு வருடம் முன்பே ஒரு டாக்டரிடம் சோர்வைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். எப்வர்த் அளவுகோல் என்று பெயர், ஆஸ்திரேலியாவில் 1991-ல் உருவாக்கியது. எட்டு சூழ்நிலைகள், படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, வண்டியில் பயணம் செய்யும்போது என்று ஒவ்வொன்றிலும் கண் அசர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று அர்த்தம். எனக்கு 7 வந்தது. தூக்கப் பிரச்சினை இல்லை என்று சொல்லி, ராத்திரி அடிக்கடி விழிப்பு வருகிறது என்று நான் சொன்னதற்காக ஒரு தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த இரண்டுமே எனக்குச் சேதம் செய்தன. பெண்களுக்குப் பல நேரம் இந்த நோய் பகலில் கண்ணைச் சொருக வைக்காது. அசதி, காலைத் தலைவலி, தூக்கம் கலைவது, மனம் சோர்வது என்றுதான் வரும். மாதவிடாய் நின்ற பிறகு வாய்ப்பு இன்னும் கூடும். தூக்க மாத்திரையில் சில வகைகள் தொண்டைத் தசையைத் தளர்த்திவிடும், விழித்துக்கொள்ளும் அனிச்சையையும் மந்தமாக்கும். மூச்சு நிற்கும்போது என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததே அந்த விழிப்புதான். மதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

மகள் எடுத்த வீடியோவை இதய டாக்டரிடம் காட்டினேன். ஒரு நிமிடம்கூட முழுதாகப் பார்க்கவில்லை, நிறுத்திவிட்டு "மூணு மாத்திரைக்கு பிபி அடங்கலேன்னா நாங்களே முதல்ல இதைக் கேட்டிருக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரிடம் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. சிறுநீர் மாத்திரையும் சேர்த்து மூன்று மருந்துக்கு அடங்காத பிபி என்றால், பின்னால் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறதா என்று பார்ப்பது இதய மருத்துவத்தில் வழக்கமான ஒன்று. 24 மணி நேர பிபி கருவியைக் கையில் கட்டி அனுப்பினார். சாதாரணமாக ஒருவருக்குத் தூக்கத்தில் பிபி பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். எனக்கு இறங்கவே இல்லை, விடியற்காலையில் பகலைவிட ஏறியிருந்தது. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் லேசாகத் தடித்திருந்தது.

அப்புறம் ஒரு ராத்திரி லேபில் படுத்து எடுக்கும் ஸ்லீப் ஸ்டடி. தலையில், கண்ணோரத்தில், தாடையில், காலில் வயர்கள், மூக்கின் கீழ் ஒரு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்ஸிஜன் கிளிப். இத்தனையோடு எப்படித் தூங்குவது என்று பயந்தேன், தூங்கினேன். சிலருக்கு வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சின்ன டெஸ்ட் போதும். ஆனால் அது பெரும்பாலும் மூளை அலைகளைப் பார்க்காது, நீங்கள் எவ்வளவு நேரம் உண்மையில் தூங்கினீர்கள் என்று அதற்குத் தெரியாது, அதனால் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டலாம். வீட்டு டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்தும் அறிகுறி பலமாக இருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள், லேப் டெஸ்ட் கேளுங்கள்.

ரிசல்டில் ஏஎச்ஐ என்று ஒரு எண் வரும். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு குறைந்தபட்சம் 10 விநாடிக்கு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதன் கணக்கு. 5-க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். எனக்கு 38. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 74 சதவீதம் வரை இறங்கியிருந்தது. அந்தக் காகிதத்தின் கீழே இன்னொரு எண் இருந்தது, கனவு காணும் தூக்கத்தில் மட்டும் தனியாக எடுத்த ஏஎச்ஐ, 64. அதை யாரும் எனக்கு விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த எண்ணில்தான் எல்லாமே இருந்தது என்று புரிய எனக்கு இன்னும் மூன்று மாதம் ஆனது.

இதயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். தொண்டை மூடிக்கொண்டதும் நெஞ்சு காற்றை இழுக்க முயன்றுகொண்டே இருக்கும், காற்று வராது. நெஞ்சுக்குள் பலமான உறிஞ்சல் உண்டாகும், அது இதயத்தின் சுவர்களையே வெளிப்பக்கம் இழுக்கும், இதயம் அதை எதிர்த்துச் சுருங்க வேண்டும். அதே நேரம் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை அபாய மணி அடிக்கும், அட்ரினலின் வகை ஹார்மோன்கள் பாயும், ரத்தக்குழாய்கள் இறுகும், மூச்சு திரும்பும் அந்தக் கணத்தில் பிபி குபீரென்று ஏறும். இது ராத்திரிக்கு இருநூறு தடவைக்கு மேல் நடந்தால், பகலிலும் உடம்பு அந்த இறுக்கத்தை விடுவதில்லை. ரத்தக்குழாயின் உள்சுவர் கெடுகிறது, இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வர வாய்ப்பு கூடுகிறது. நான் மாத்திரையால் பகலில் இறக்கிக்கொண்டிருந்ததை ராத்திரி ஏற்றிக்கொண்டிருந்தது என் தொண்டை.

ராத்திரி பாத்ரூம் விஷயமும் இதில்தான் அடக்கம். அந்த உறிஞ்சலால் இதயத்தின் மேலறை விரிகிறது, உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அது தவறாக எடுத்துக்கொண்டு சிறுநீரை வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. காலையில் எடுத்த மாத்திரை ராத்திரி மூன்று மணிக்கு ஏன் எழுப்புகிறது என்று நான் அப்போதே யோசித்திருக்கலாம்.

சரி, இதற்குச் சிகிச்சையாக எனக்குக் கொடுத்த மெஷினுக்கு வருகிறேன். சிபாப் என்பது மருந்து எதுவும் தருவதில்லை, ஆக்ஸிஜனும் தருவதில்லை. அறைக் காற்றை லேசான அழுத்தத்தில், ஒரு குழாயும் முகத்தில் மாட்டும் மாஸ்க்கும் வழியாக மூக்குக்குள் அனுப்பி, தொண்டை மூடிவிடாமல் காற்றாலேயே முட்டுக் கொடுக்கிறது. 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவனும் உடன் இருந்தவர்களும் இதை முதன்முதலில் வெளியிட்டார்கள், அதற்கு முன்பு தீவிரமான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி என்று படித்தபோது எனக்கு அந்தக் குழாய் மேல் இருந்த வெறுப்பு கொஞ்சம் குறைந்தது. அழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவு வரை வைக்கலாம். எனக்குத் தானாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை, 6-க்கும் 14-க்கும் இடையில் வைத்தார்கள்.

முதல் மூன்று மாதம் நான் ரொம்ப நல்ல நோயாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் உள்ள ஆப் தினமும் காலையில் பச்சை வட்டம் காட்டும். ஏஎச்ஐ 2.8. உபயோகம் 4 மணி 10 நிமிடம். ஒரு ராத்திரிக்கு 4 மணி நேரம், 70 சதவீத நாட்களில் போட்டால் ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர் என்று பல இடங்களில் கணக்கு வைக்கிறார்கள், நான் அதற்கு மேலேயே இருந்தேன். காலைத் தலைவலி மட்டும் வாரத்தில் நாலு நாள் அப்படியே வந்தது. பிபி 146/92. மெஷின் எனக்கு வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன், திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடுதான் போனேன்.

ஸ்லீப் டாக்டர் பச்சை வட்டத்தைப் பார்க்கவில்லை. மணி வாரியாக உள்ள வரைபடத்தைத் திறந்தார். ராத்திரி 11 மணிக்கு ஆரம்பம், 3 மணி பக்கம் கோடு அறுந்துவிடுகிறது. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். "மூணு மணிக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டார். பாத்ரூம் போக எழுந்திருப்பேன், மாஸ்க்கைக் கழற்றி வைப்பேன், திரும்பி வந்து அப்படியே படுத்துவிடுவேன். ஆறு மணி வரை தூக்கம். "அந்த மூணு மணி நேரம் மெஷின் எண்ணவே இல்லையே" என்றார். அந்த 2.8 என்பது மாஸ்க் முகத்தில் இருந்த நேரத்துக்கான கணக்கு மட்டும். மூன்று மணிக்குப் பிறகு என்ன நடந்தது என்று அந்த ஆப்புக்குத் தெரியாது, தெரியாததை அது பச்சையாகவே காட்டிவிட்டது.

அதற்குப் பிறகு பழைய ரிசல்டை எடுத்து 64 என்ற எண்ணில் விரல் வைத்தார். தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ரெம் என்கிற கனவுத் தூக்கம் வரும். ராத்திரியின் முன்பாதியில் அது சில நிமிடம்தான், விடியல் நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். ரெம் தூக்கத்தில் கண் தசையையும் உதரவிதானத்தையும் தவிர ஏறக்குறைய எல்லாத் தசைகளும் துவண்டுவிடும். தொண்டையும் துவளும். அதனால் பலருக்கு மூச்சு அதிக நேரம் நிற்பதும், ஆக்ஸிஜன் மிக ஆழமாக இறங்குவதும் அந்த நேரத்தில்தான். நான் என் தூக்கத்தில் ஆபத்து குறைவான பகுதிக்குக் காவல் போட்டுவிட்டு, மோசமான பகுதியைத் திறந்து விட்டிருந்தேன். அதே நேரத்தில்தான் உடம்பின் இயல்பான கடிகாரமும் பிபியைக் காலைக்காக ஏற்றத் தொடங்கும். 24 மணி நேரக் கருவியில் விடியற்காலை ஏற்றம் தெரிந்ததே, அது இங்கேதான் வந்து சேர்கிறது.

அன்றிலிருந்து என் ஒரே வேலை, மூன்று மணிக்கு அந்த மாஸ்க் ஏன் கழன்றது என்று கண்டுபிடிப்பது. மனவுறுதி போதவில்லை என்று என்னை நானே திட்டிக்கொள்வதை டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னார், அது நல்ல யோசனை, ஏனென்றால் காரணங்கள் எல்லாம் கையில் பிடிக்கக்கூடிய சின்னச் சின்ன காரணங்களாகத்தான் இருந்தன. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூக்கு அடைத்திருந்ததால் நடுராத்திரியில் வாய் திறந்துகொள்கிறது, காற்று வாய் வழியாக ஓடிவிடுகிறது. மூக்கடைப்புக்கு உப்பு நீர்க் கழுவலும், டாக்டர் எழுதித் தந்த ஸ்பிரேயும் மூன்று வாரத்தில் பாதிப் பிரச்சினையைத் தீர்த்தன. மெஷின் காற்றில் சேர்க்கும் ஈரப்பதத்தை 3-லிருந்து 5-க்குக் கூட்டினேன், குழாயில் தண்ணீர் முத்து முத்தாகச் சேர்ந்து முகத்தில் தெறித்தது, சூடாகும் வகைக் குழாய் மாற்றிய பிறகு அது நின்றது. வாயில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று சிலர் சொன்னார்கள். நான் செய்யவில்லை, மூக்கு அடைக்கிறவர் வாயையும் ஒட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாஸ்க் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். நான் கட்டிலில் உட்கார்ந்தபடி, மெஷினை ஓட விடாமல், கண்ணாடி பார்த்து இறுக்கிக்கொண்டிருந்தேன். படுத்ததும் முகத்தின் சதை பக்கவாட்டில் சரியும், தலையணை பட்டையைத் தள்ளும், அழுத்தம் ஏறும்போது சிலிக்கான் மெத்தை ஊதி எழும். உட்கார்ந்து வைத்த அளவு எதற்கும் உதவாது. காற்று கசிந்தால் மூக்கு மேட்டில் கண்ணுக்குள் ஊதும், உடனே பட்டையை இன்னும் இறுக்குவேன், இறுக்கினால் மெத்தை நசுங்கி இன்னும் கசியும், காலையில் மூக்கின் மேல் சிவந்த புண். இப்போது மெஷினை ஓடவிட்டு, நான் தூங்கும் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்து, முதலில் எல்லாப் பட்டைகளையும் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு முறை லேசாகத் தூக்கி காற்றால் மெத்தையை நிரம்ப விட்டு மெல்ல வைத்து, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்கிறேன். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். மூக்கின் மேல் உட்காரும் வகையை விட்டு மூக்குக்குக் கீழே அடங்கும் வகைக்கு மாறினேன். முகத்தில் க்ரீம் பூசிக்கொண்டு படுப்பதை நிறுத்தினேன், அது சிலிக்கானை வழுக்க வைக்கிறது.

மூன்று மணிக்குக் கழற்றுவதற்கு விடை இன்னும் எளிது. என் மாஸ்க்கில் குழாய் மட்டும் தனியாகக் கழலும். மாஸ்க்கை முகத்திலேயே விட்டுவிட்டு, குழாயை மட்டும் கழற்றிப் பாத்ரூம் போய், திரும்பி வந்து இருட்டிலேயே மாட்டிக்கொள்வேன். கழற்றுவது ஒரு முடிவு, மறுபடி போடுவது இன்னொரு முடிவு, அரைத்தூக்கத்தில் இரண்டாவது முடிவை யாராலும் எடுக்க முடிவதில்லை. பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் உதவியது, முகத்தில் ஒன்று இருப்பது பயமில்லாமல் போனது.

ஆறு வாரத்தில் உபயோகம் 6 மணி 40 நிமிடத்துக்கு வந்தது. முதலில் மாறியது பாத்ரூம், மூன்று தடவை ஒரு தடவையானது. தலைவலி நின்றது எந்த நாள் என்று எனக்கே தெரியாது, ஒரு நாள் யாரோ கேட்டபோதுதான் ரொம்ப நாளாக வரவில்லை என்று உணர்ந்தேன். இரண்டு மாதத்தில் காலை பிபி 134/84. இதை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். ஆய்வுகளில் சிபாப்பால் பிபி இறங்குவது சராசரியாக 2, 3 புள்ளிகள்தான். மாத்திரைக்கு அடங்காத பிபி உள்ளவர்களுக்கும், அதிக நேரம் போடுகிறவர்களுக்கும் அது கூடுதலாக இருக்கிறது, நான் அந்த இரண்டு கூட்டத்திலும் இருந்தேன். மாத்திரையை நானாக நிறுத்தவும் இல்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2016-ல் சேவ் என்று ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த 2,717 பேர். சிபாப் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறையவில்லை. அதைப் படித்த அன்று ராத்திரி மாஸ்க்கை எடுக்கவே கை வரவில்லை. அப்புறம் முழுதாகப் படித்தேன். அவர்கள் சராசரியாக அதைப் போட்டது ஒரு ராத்திரிக்கு 3.3 மணி நேரம். என் பழைய கணக்கைவிடவும் குறைவு. 4 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களிடம் பக்கவாதம் குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு சொல்கிறது. இது நிரூபணம் ஆகாது, மெஷினை ஒழுங்காகப் போடுகிறவர் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுகிறவராக இருப்பார். எனவே சிபாப் மாரடைப்பைத் தடுக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பகலில் மனுஷியாக நடமாட முடிகிறது, பிபி இறங்கியது, ராத்திரி ஆக்ஸிஜன் 74-க்குப் போவதில்லை, இது எனக்குப் போதுமான காரணம். இதயத்துக்கான மற்ற வேலைகளை, பிபி, கொழுப்பு, சர்க்கரை, நடை, எதையும் மெஷின் தலையில் கட்டிவிட முடியாது.

எடையையும்தான். மெஷின் போட்டதும் எடை தானாகக் குறையும் என்று நம்பியிருந்தேன். முதல் நாலு மாதத்தில் 2 கிலோ கூடியது. இதுவும் தெரிந்த விஷயம்தானாம், ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடிச் செலவான சக்தி மிச்சமாகிறது, சிபாப் மட்டும் போடுகிறவர்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் எடை ஏறுகிறது. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு உடைந்திருக்க மாட்டேன், அதனால் நான் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் எடைக்கும் தொண்டைக்கும் உள்ள உறவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நேரடியானது. கொழுப்பு வயிற்றில் மட்டும் சேர்வதில்லை, கழுத்தில், தொண்டைச் சுவரில், நாக்குக்குள்ளேயேகூடச் சேர்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சினில் பல வருடம் மக்களைப் பின்தொடர்ந்து 2000-ல் வெளியான ஆய்வில், எடை 10 சதவீதம் கூடினால் ஏஎச்ஐ சுமார் 32 சதவீதம் கூடும் என்றும், 10 சதவீதம் குறைந்தால் சுமார் 26 சதவீதம் குறையும் என்றும் கண்டார்கள். எனக்கு 10 சதவீதம் என்பது 9 கிலோ. பாதியாக வேண்டும், பழைய ஆளாக வேண்டும் என்ற கனவெல்லாம் விட்டுவிட்டு அந்த 9-ஐ மட்டும் குறிவைத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

தூக்கம் சரியான பிறகுதான் அதை ஆரம்பிக்கவே முடிந்தது. சாயங்காலம் நடக்கக் காலில் தெம்பு இருந்தது, நாலு மணிக்கு எதையாவது தின்னத் தேடும் அந்தப் பதற்றம் குறைந்தது. ஐந்து மாதத்தில் 4 கிலோ போய் அங்கேயே நின்றுவிட்டது. அப்போது டாக்டர் எடை குறைக்க உதவும் டிர்செபடைட் ஊசியைப் பற்றிப் பேசினார். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ, உடல் பருமனோடு நடுத்தர அல்லது தீவிர ஸ்லீப் ஆப்னியா உள்ள பெரியவர்களுக்கு இதை அனுமதித்தது, இந்த நோய்க்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து. ஒரு வருட ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களுக்கு ஏஎச்ஐ மணிக்கு 25 முதல் 29 வரை குறைந்தது, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 5 பக்கம்தான். நான் எடுத்தேன், வாரம் ஒரு முறை, 2.5 மில்லிகிராமில் ஆரம்பித்து மெதுவாக. முதல் இரண்டு மாதம் குமட்டலும் மலச்சிக்கலும் நிஜமாகவே படுத்தின. குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்தால் இது கூடாது, அதைக் கேட்காமல் யாரும் தொடங்கக் கூடாது. கொழுப்போடு தசையும் போகும் என்பதால் வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி செய்யச் சொன்னார்கள், செய்கிறேன்.

பதினாறு மாதத்தில் 78 கிலோ. மெஷின் இல்லாமல் மறுபடி டெஸ்ட் எடுத்தோம். ஏஎச்ஐ 13. 38 இருந்த இடத்தில் 13. ஆனால் ரெம் தூக்கத்தில் 29. என் தாடை கொஞ்சம் உள்வாங்கியது, தொண்டைவழி பிறவியிலேயே குறுகல், அதை எந்த எடைக் குறைப்பும் மாற்றாது. மெஷினைத் தூக்கிப் போடலாம் என்று நினைத்துப் போனவளுக்கு வருத்தம்தான். ஆனாலும் அழுத்தம் 14 வரை போனது இப்போது 9-ஐத் தாண்டுவதில்லை, மாஸ்க் லேசாக உட்கார்கிறது. பிபி மாத்திரையில் ஒன்றை டாக்டர் எடுத்துவிட்டார், இப்போது இரண்டு, காலையில் 124/78.

இன்னும் சில விஷயங்கள். தண்ணீர்த் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், காலையில் மிச்சத்தைக் கொட்டிக் காய வைத்துவிடுங்கள். மாஸ்க் மெத்தையை தினமும் லேசான சோப்பில் கழுவினால் போதும், ஓசோன் விட்டுச் சுத்தம் செய்யும் பெட்டிகள் வேண்டாம், அது நுரையீரலுக்கு ஆகாது. எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த நோயைச் சொல்லிவிடுங்கள், மெஷினையும் எடுத்துப் போங்கள். சிகிச்சை தொடங்கும் முன் வண்டி ஓட்டும்போது கண் சொருகினால் ஓட்டாதீர்கள், அதில் வீரம் வேண்டாம். கைக்கடிகாரம் ஆக்ஸிஜன் நன்றாக இருக்கிறது என்று காட்டுவதை நம்பி டெஸ்டைத் தள்ளிப் போடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது ஆப்பில் மொத்த மணிக்கணக்கைக் காட்டாமல், எத்தனை மணிக்குக் கழன்றது என்கிற வரைபடத்தைத் திறந்து காட்டுங்கள்.

போன மாதம் என் அக்கா வீட்டில் தங்கினேன். அவள் ஒல்லி, எடைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் தாடை எனக்கு இருக்கிற மாதிரியேதான், பிபியும் உண்டு. "எனக்கெல்லாம் அது வராதுடி, நான் குண்டா என்ன" என்று சிரித்துவிட்டுப் படுத்தாள். நாலரை மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது, பக்கத்துக் கட்டிலில் குறட்டை ஏறிக்கொண்டே போய் நின்றது. குழாயைக் கழற்றிவிட்டு மாஸ்க்கோடு எழுந்து உட்கார்ந்து, போனை எடுத்து ரெகார்டை அழுத்தினேன். இருபத்திரண்டு வரை எண்ணினேன். காலையில் அவளும் என்னைத் திட்டினாள், அப்புறம் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு டெஸ்ட்.